மேற்கத்திய இசையில் மனிதமையம்: எண்ணூரிலிருந்து ஒரு மறுபார்வை

இசை என்பது மனிதன் படைப்பது, மனிதன் கேட்பது, மனித உணர்வைச் சொல்வது. பறவையும் நீரும் காற்றும் எழுப்புபவை வெறும் ஒலிகள். இந்த எண்ணத்தை மனிதமையப் பார்வை என்பர். ஐரோப்பியச் செவ்வியல் இசையைப் பற்றிக் கடந்த இரு நூற்றாண்டுகளில் உருவான கோட்பாடுகளில் பெரும்பாலானவை இதன்மேல் நிற்பவை. காலநிலை மாற்றமும் உயிரின அழிவும் கண்முன் தெரியத் தொடங்கிய பின், இசையமைப்பாளர்களும் ஆய்வாளர்களும் இதைக் கேள்விக்கு உட்படுத்தி வருகின்றனர். சூழல் இசையியல் என்ற தனித்துறையும் வளர்ந்துள்ளது.

இது ஐரோப்பிய அரங்குகளுக்குள் அடங்கும் கேள்வி அன்று. இராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என நீளும் வடசென்னைத் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் இக்கேள்வி வேறொரு கூர்மை பெறுகிறது. கழிமுகத்தில் சாம்பல் படிந்த இடத்தில் நின்று கேட்கும்போது, இசையின் நடுவில் இருந்து மனிதனை விலக்க வேண்டும் என்ற கூற்றுக்கு எதிரே மற்றொரு கேள்வி எழுகிறது: எந்த மனிதனை?

மணலிக்கு வந்த வயலின்

மேற்கத்திய இசைக்கும் வடசென்னைக்கும் உள்ள உறவு பழையது. முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை இராமசுவாமி தீட்சிதரை மணலிக்கு அழைத்து ஆதரித்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். கிழக்கிந்தியக் கம்பெனியுடன் நெருங்கிய தொடர்புடைய செல்வர் குடும்பம் அது. அக்குடும்பத்தின் வழியாகவே தீட்சிதர் சகோதரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டனர். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கருநாடக இசைக்குப் பொருத்தினார். முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களை இட்டு, 'நோட்டு சுவரம்' எனப்படும் சுமார் 40 உருப்படிகளைச் செய்தார். ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று.

அண்டை ஊரான திருவொற்றியூருக்குத் தியாகராசர் வந்திருந்தபோது திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அவருடைய சீடர் வீணை குப்பையரின் பெயரும் இவ்வூரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. இன்று மணலி என்றதும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலைகளும் நினைவுக்கு வருகின்றன. தென்னிந்திய மேடைக்கு வயலின் வந்த வழியில் இந்த ஊரும் இருந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

வயலின் கருவியாக மட்டும் வந்தது. அதைச் சுற்றி ஐரோப்பாவில் பின்னர் வளர்ந்த கோட்பாடு வேறு கதை.

கோட்பாடு: நைட்டிங்கேலும் ஆடும்

வியன்னாவின் இசைத் திறனாய்வாளர் எடுவர்ட் ஹான்ஸ்லிக் இசையழகு பற்றிய தம் நூலை 1854இல் வெளியிட்டார். இயற்கையில் இசை இல்லை, அளந்து வகுத்த சுரமும் அதன் வடிவும் மனித மனத்தின் ஆக்கம் என்பது அவர் வாதம். இசை பெரிதும் கடன்பட்டிருக்கும் விலங்கு நைட்டிங்கேல் பறவை அன்று, ஆடுதான் என்று அவர் நகையாக எழுதினார். விலங்கின் குரல் நமக்கு வேண்டியதில்லை, அதன் குடல்தான் வேண்டும் என்பது கருத்து. அக்காலத்தில் வயலின் நரம்புகள் ஆட்டுக் குடலில் செய்யப்பட்டவை.

நகையாகச் சொன்னாலும் மனிதமையப் பார்வையின் முழு அமைப்பும் இதில் வெளிப்படையாக இருக்கிறது. விலங்கு கலைஞன் அன்று, கலைக்கான மூலப்பொருள். ஹான்ஸ்லிக் அதை மறைக்கவில்லை என்பதற்காகவே அவரைப் பாராட்டலாம். பின்வந்தவர்கள் பலர் அதை மறந்தே விட்டனர்.

இயற்கையை நேசித்த இசையமைப்பாளர்களும் இந்த அமைப்பைத் தாண்டியதாகச் சொல்ல முடியாது. 1808இல் அரங்கேறிய பேத்தோவனின் ஆறாம் சிம்பனியில், இரண்டாம் பகுதியின் முடிவில் புல்லாங்குழல் நைட்டிங்கேலாகவும் ஓபோ காடையாகவும் கிளாரினெட் குயிலாகவும் ஒலிக்கின்றன. இசைத்தாளில் பறவைப் பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. ஆனால் அந்தச் சிம்பனி நாட்டுப்புறத்திற்குச் சென்ற மனிதனின் மனநிலையைச் சொல்வது. பறவை அவன் மகிழ்ச்சிக்குச் சான்றாக வந்து போகிறது.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியன் இதைவிட வெகுதூரம் சென்றார். வயல்வெளிகளில் அமர்ந்து பறவைகளின் குரலைச் சுரக்குறியாக எழுதிக்கொண்டு, 1956 முதல் 1958 வரை பியானோவுக்கான பதின்மூன்று பகுதிகள் கொண்ட பறவைப் பட்டியல் ஒன்றை இயற்றினார். பறவையின் வேகம் மனித விரலுக்கு எட்டாதது. சுருதி இடைவெளிகளும் பியானோவின் கட்டைகளுக்கு இடையே விழுபவை. எனவே வேகத்தைக் குறைத்து, இடைவெளிகளை அகட்டி, சுருதியைக் கீழிறக்கி எழுத வேண்டியிருந்தது. பறவையை ஆசிரியராக ஏற்றுக்கொண்டவரும் அதை மனிதக் கருவியின் அளவுக்கு வெட்டித்தான் மேடையேற்ற முடிந்தது.

1952இல் ஜான் கேஜ் எதிர்த்திசையில் சென்றார். நான்கு நிமிடம் முப்பத்து மூன்று விநாடிகள் பியானோக் கலைஞர் எதையும் வாசிப்பதில்லை. அரங்கில் எழும் ஒலிகளே இசை. முதல் நிகழ்ச்சி நடந்த நியூயார்க் மாநிலக் காட்டோர அரங்கில் காற்றும் மழையும் கேட்டதாகக் கேஜ் பின்னர் நினைவுகூர்ந்தார். படைப்பவன் விலகிக்கொண்டான். கேட்பவன் மட்டும் நடுவிலேயே இருந்தான்.

யாழும் பறையும் கருப்பொருளாக

தமிழ் மரபில் இதே கேள்விக்கு வேறு விடை இருக்கிறதா என்று மாணவர்கள் கேட்பது இயல்பு. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைக்கிறது. இசை இங்கு நிலத்திற்கு வெளியே நின்று நிலத்தைப் பாடுவது அன்று. நெய்தலில் புன்னையும் சுறாவும் கடற்காக்கையும் இருப்பது போலவே அந்நிலத்திற்குரிய பறையும் பண்ணும் இருக்கின்றன.

இதைக் கொண்டு தமிழ் மரபு முழுமையாகச் சூழல் சார்ந்தது என்று மார்தட்டுவது அவசரம். கருப்பொருள்கள் எல்லாம் கடைசியில் உரிப்பொருளுக்கு, அதாவது மனிதக் காதலின் இரங்கலுக்கும் ஊடலுக்கும், பின்னணியாகவே அமைகின்றன. நாரையும் நண்டும் தலைவியின் துயருக்காகக் கவிதைக்குள் வருபவை. ஆயினும் ஒரு வேறுபாடு உறுதியானது. நெய்தல் நிலம் அழிந்தால் நெய்தற்பண்ணுக்கு இடம் இல்லை என்பது இந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. ஹான்ஸ்லிக்கின் சுரங்களுக்கு அப்படி ஓர் இடம் தேவைப்படவில்லை.

மட்டக்களப்பு வாவியின் 'பாடும் மீன்' இங்கே நினைக்கத்தக்கது. இலங்கையின் காலனிய அரசில் உயர் பதவி வகித்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் அந்த ஒலியை இரவில் படகிலிருந்து கேட்டார். தந்தியை மெல்ல மீட்டியது போலவும், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தது போலவும் இருந்ததாக எழுதினார். படகோட்டிய மீனவர்களோ அது ஊரியின் ஒலி என்றனர். ஊரி என்பது ஒருவகைச் சிப்பி. ஐரோப்பியர் அதைத் தம் கருவிகளோடு ஒப்பிட்டுப் புரிந்துகொண்டார். மீனவர்கள் அதை எழுப்பும் உயிரின் பெயரைச் சொன்னார்கள். அது மீனா சிப்பியா என்ற விவாதம் பின்னரும் தொடர்ந்தது.

ஒலியைக் கேட்டு நிலத்தை அறிதல்

மேற்கில் பெரிய திருப்பம் 1970களில் வந்தது. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் மரி ஷேபர் என்ற இசையமைப்பாளர் உலக ஒலிச்சூழல் திட்டத்தைத் தொடங்கினார். அக்குழு 1973இல் வான்கூவர் துறைமுக நகரத்தின் ஒலிகளைப் பதிவாக வெளியிட்டது. கப்பல் ஊதல், மூடுபனிச் சங்கு, அலை, கடற்பறவை எல்லாம் அதில் உண்டு. ஓர் இடத்தின் ஒலிகளை ஒன்றாகச் சேர்த்து அதன் ஒலிச்சூழல் எனக் கொள்வதும், அந்த இடத்திற்கே உரிய அடையாள ஒலிகளைக் காக்க வேண்டும் என்பதும் ஷேபரின் பங்களிப்புகள். 1977இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையின் அடித்தளமாகக் கருதப்படுகிறது.

அமெரிக்க இசைக்கலைஞர் பெர்னி கிராஸ் இதற்கு ஓர் ஆய்வு முறையைத் தந்தார். 1988இல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் உள்ள லிங்கன் புல்வெளியில், தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டுவதற்கு முன் விடியற்கால ஒலியைப் பதிவுசெய்தார். ஓராண்டு கழித்து அதே இடத்தில், அதே பருவத்தில் மீண்டும் பதிவுசெய்தார். ஒளிப்படத்தில் காடு ஏறத்தாழ முன்போலவே இருந்தது. பதிவில் பறவைக் குரல்களின் செறிவு போய்விட்டிருந்தது. கண் தவறவிட்டதைக் காது பிடித்தது.

இசைப்பதிவு ஒன்று உயிரினக் காப்புக்கே உதவிய சான்றும் உண்டு. கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாடல்கள் 1970இல் இசைத்தட்டாக வந்து பெருமளவில் விற்றன. திமிங்கில வேட்டைக்கு எதிரான மக்கள் கருத்தை வளர்த்ததில் அந்தத் தட்டுக்குப் பங்குண்டு. 1982இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டைக்குத் தடை விதிக்க முடிவெடுத்தது. மனிதன் அல்லாத ஓர் உயிரைப் 'பாடகர்' என ஏற்றதன் விளைவு இது. அந்த உயிர் பெரியதாகவும் அதன் குரல் மனிதக் காதுக்கு இனியதாகவும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேற்று நண்டுக்கு இசைத்தட்டு யாரும் வெளியிடவில்லை.

எண்ணூரில் என்ன கேட்கிறது?

கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருக்கிறது. வடக்கே பழவேற்காடு ஏரியோடும், பக்கிங்காம் கால்வாயோடும் இது தொடர்புடையது. கண்டல் மரங்கள், உப்பங்கழி, சேற்றுத்திட்டுகள் கொண்ட இந்த நீர்ப்பரப்பு இறாலுக்கும் மடவைக்கும் நண்டுக்கும் வளர்ப்பிடம். மழைக்காலத்தில் சென்னையின் வடபகுதி வெள்ளம் கடலுக்குச் செல்லும் வழியும் இதுவே. இதைச் சுற்றி எண்ணூர் அனல்மின் நிலையமும் (2017இல் மூடப்பட்டது), 1,830 மெகாவாட் திறன் கொண்ட வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரு கட்டங்களும், 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் எழுந்தன. 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் பின்னர் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாறியது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் உள்ளது. நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்து எடுத்துச் செல்லும் குழாய்கள் கழிமுகத்தைக் கடக்கின்றன. அவற்றின் கசிவு ஆற்றுப்படுகையில் பல இடங்களில் திட்டாகப் படிந்துள்ளது.

ஷேபரின் முறையில் இங்கே கேட்டால் முதலில் காதில் விழுவது கண்டெய்னர் லாரிகளும் நிலக்கரிப் பட்டைகளும்தான். அவர் இவற்றை இரைச்சல் என்று ஒதுக்கியிருப்பார். அவருடைய எழுத்தில் கிராமத்தின் தெளிந்த ஒலிக்கு ஓர் ஏக்கமும் நகரத்தின் கலங்கிய ஒலிமேல் ஒரு வெறுப்பும் ஓடுகின்றன. வடசென்னைக்கு அது முழுதாகப் பொருந்தாது. காசிமேட்டில் விடியுமுன் நடக்கும் மீன் ஏலமும், தொழிற்சாலைச் சங்கும், மீன்பிடிப் படகின் எஞ்சினும் இங்கு வாழ்வோரின் வீட்டு ஒலிகள். வேலைநேரத்தை அறிவிக்கும் ஆலைக் கருவிக்குச் 'சங்கு' என்று பெயர் வைத்த ஊர் இது. கடல் உயிரின் ஓடு எந்திரத்திற்குப் பெயர் கொடுத்திருக்கிறது. திருவொற்றியூரில் உருவான என்பீல்டு புல்லட்டின் 'டப் டப்' ஒலிக்காகவே அந்த வண்டியை வாங்குவோர் உண்டு. எது இசை, எது இரைச்சல் என்பதைத் தூய்மை தீர்மானிப்பதில்லை. பழக்கமும் பிழைப்பும் தீர்மானிக்கின்றன.

கரையோரத் தமிழர் வலை இழுக்கும்போதும் துடுப்பு வலிக்கும்போதும் பாடிய அம்பாப் பாடல்களின் தாளம் அலையும் கயிறும் கொடுத்தது. எஞ்சின் வந்தபின் அந்தத் தாளத்திற்குத் தேவை குறைந்தது. மேடைக்கு வந்த அம்பா கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு வலையின் எடை இல்லை.

நீருக்கு அடியில் கேட்பது இன்னும் வேறு. கத்தாழை இனத்து மீன்கள் காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரச் செய்து முரசு போன்ற ஒலி எழுப்புகின்றன. இணை தேடும் பருவத்தில் அவ்வொலி கூடும். சொடுக்கு இறால்கள் ஒரு கொடுக்கை மூடும் வேகத்தில் நீரில் குமிழி தோன்றி வெடிக்கிறது. ஆயிரக்கணக்கில் சேரும்போது எண்ணெயில் கடுகு வெடிப்பது போல் கேட்கும். வெப்பமண்டலக் கரையோரங்களின் நிலையான அடிநாதம் அது. மலேசியாவின் திரங்கானுக் கரையில் நீருக்குள் தலையை அமிழ்த்தி மீன்கூட்டத்தின் ஒலியைக் கேட்டு வலைவிடச் சொல்லும் 'ஜுரு செலாம்' என்ற தேர்ந்த மீனவர்கள் இருந்தனர். கப்பல் எஞ்சினும், தூர்வாரும் எந்திரமும், துறைமுகத் தூண் அடிப்பும் எழுப்பும் தாழ்ந்த சுருதி ஒலிகள், மீன்கள் ஒன்றையொன்று அழைக்கும் அதே ஒலிவரம்பில் விழுகின்றன. கரையில் நிற்பவருக்கு நீர் அமைதியாகத் தெரியும்.

புறம்போக்குப் பாடல்

2017 ஜனவரியில் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்' இந்த இடத்தில் பிறந்தது. சூழலியலாளர் நித்தியானந்த் ஜெயராமன் முதலானோர் இணைந்த வெட்டிவேர் கலெக்டிவ் இதை வெளியிட்டது. கேபர் வாசுகி சென்னைப் பேச்சுத் தமிழில் எழுத, ஆர். கே. ஸ்ரீராம்குமார் ஆனந்தபைரவி, பேகடா முதலான இராகங்களில் மாலையாக மெட்டமைக்க, டி. எம். கிருஷ்ணா பாடினார். ரதீந்திரன் பிரசாத் இயக்கிய காணொலியில் பாடகரும் பக்கவாத்தியக் கலைஞர்களும் சபா மேடையில் இல்லை; எண்ணூரின் சாம்பல் வெளியிலும் மின்நிலையங்களின் எதிரிலும் இருக்கின்றனர். முகமூடி அணிந்த பாடகரின் தோற்றம் அன்று பரவலாகப் பேசப்பட்டது.

பாடலின் உயிர் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. வருவாய்க் கணக்கில் தீர்வைக்கு உட்படாத, தனியார் பட்டா இல்லாத நிலம் புறம்போக்கு. மேய்ச்சல் நிலம், ஏரி, ஓடை, கடற்கரை, சுடுகாடு எல்லாம் அதில் அடங்கும். வரி தராததால் 'புறம்'. காலப்போக்கில் அதுவே மனிதரைத் திட்டும் சொல்லானது. பயனற்றவன், ஊர்சுற்றி, யாருக்கும் வேண்டாதவன் என்ற பொருள்கள் ஏறின. அந்த வசையைப் பாடல் திருப்பிப் போடுகிறது. புறம்போக்கு யாருக்கும் சொந்தமில்லாததன்று, எல்லார்க்கும் உரியது என்று சொல்லி, அதைச் சுரண்டியதன் விலையாக வெள்ளத்தையும் நினைவூட்டுகிறது. 2015 டிசம்பர் வெள்ளம் அப்போது நகரத்தின் நினைவில் புதிதாக இருந்தது.

மனிதமையப் பார்வையோடு இச்சொல்லுக்கு உள்ள ஒற்றுமை கூர்ந்து கவனிக்கத்தக்கது. வருவாய்த் துறைக்குக் கணக்கில் வராத நிலம் புறம்போக்கு. ஹான்ஸ்லிக்குக்குச் சுரக்குறியில் வராத ஒலி இசைக்குப் புறம்பானது. இரண்டிலும் ஒரு பதிவேடு இருக்கிறது. பதிவேட்டில் இல்லாதது வெறுமை என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம் பிந்தைய வரைபடம் ஒன்றில் காணப்படவில்லை என்று சூழலியலாளர்களும் மீனவர்களும் 2017இல் குற்றம்சாட்டினர். நீர் அங்கேயே இருந்தது, தாளில்தான் இல்லை.

இசை நோக்கில் இப்பாடல் செய்தது என்ன என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கருநாடக இசைக்குச் சென்னைத் தமிழ் புதிது, வடசென்னை புதிது. அந்த வகையில் துணிச்சலான முயற்சி. ஆனால் இது பறவைக் குரலையோ நீரின் ஒலியையோ இசையாக மாற்றவில்லை. முழுக்க மனிதக் குரல், மனிதச் சொல், மனித இராகம். மெசியனும் கேஜும் எழுப்பிய கேள்வியின்படி பார்த்தால் இது பழைய வகைப் பாட்டு. ஆயினும் ஜான் லூதர் ஆடம்சின் 'பிகம் ஓஷன்' போன்ற படைப்புகளோடு இதைச் சேர்த்துக் கேட்பதில் பயன் உண்டு. 2013இல் சியாட்டிலில் அரங்கேறி, 2014இல் புலிட்சர் பரிசு பெற்ற அந்த இசை, மூன்று வாத்தியக் குழுக்களின் அலைகள் ஏறி இறங்கிக் கலக்கும்படி அமைந்தது. மனிதன் எங்கும் தென்படாத கடல் அது. கேட்பவரை ஒரு பெரிய ஆற்றலுக்குள் கரைத்துவிடுகிறது. எண்ணூர்க் கடலில் அப்படிக் கரைந்துபோக முடியாது. அதில் யார் எதைக் கொட்டினார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எந்த மனிதன்?

பாடல் வெளியான அதே மாதம் 28ஆம் நாள் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் தாராகப் படிந்தது. தொண்டர்களும் பணியாளர்களும் மீனவர்களும் வாளிகளால் அதை அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்கு வந்தது. படகுகளிலும் வலைகளிலும் குப்பத்து வீடுகளிலும் அது ஒட்டியது. கூழைக்கடாக்களின் சிறகுகளிலும் ஒட்டியது. அதே மாத இறுதியில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீடுகளை விட்டு ஓடினர்.

'மனிதன் இயற்கையை அழித்துவிட்டான்' என்ற வாக்கியம் மேற்கத்தியச் சூழல் இசை விளக்கங்களில் அடிக்கடி வருவது. இங்கே அது பாதி உண்மை. சேற்றில் கையை விட்டுத் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும், கழிமுகத்தில் வலைவிடும் மீனவர்களும் அழித்தவர் பட்டியலில் இல்லை. அவர்கள் கூழைக்கடாவோடும் நண்டோடும் ஒரே பக்கத்தில் நிறுத்தப்பட்டவர்கள். மனிதனை நடுவில் இருந்து விலக்குங்கள் என்ற அழைப்பு, நடுவில் ஒருநாளும் இருந்திராதவர்களிடம் போய்ச் சேரும்போது பொருளற்றதாகிறது. கனடாவின் பழங்குடி அறிஞர் டிலன் ராபின்சன் 2020இல் வெளிவந்த தம் நூலில், குடியேறிய ஐரோப்பியரின் கேட்கும் முறையே எல்லாவற்றையும் தனக்குரிய வளமாக்கும் பசி கொண்டது என்றார். எண்ணூருக்குப் பதிவுக்கருவியோடு வரும் கலைஞர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது.

கருவிகளும் மின்சாரமும்

இசையின் மனிதமையம் கருத்தில் மட்டும் இல்லை, பொருளிலும் இருக்கிறது. கிதாரின் உடலுக்கும் விரற்பலகைக்கும் பெரிதும் விரும்பப்படும் இந்திய ஈட்டி மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. தமிழ்நாட்டில் அதைக் காக்க 1994இல் சட்டமே இயற்றப்பட்டது. 2017இல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது இசைக்கருவித் தொழில் கடுமையாக எதிர்த்தது. 2019இல் முழுமையாகச் செய்து முடித்த கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பழைய இசைத்தட்டுகளின் அரக்கு பெரும்பாலும் இந்தியப் பூச்சிகள் சுரந்தது. பின்னர் வந்த வினைல் பெட்ரோலிய வேதிப்பொருள். கைல் டிவைன் 2019இல் எழுதிய நூல் இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது; இணையத்தில் இசை கேட்பதும் எடையற்றதன்று, மின்சாரம் தின்பது என்று காட்டுகிறது.

கருநாடக இசைக்கும் இதில் விலக்கு இல்லை. மிருதங்கத்தின் தோலையும் அதைச் செய்யும் தலித் கிறித்தவக் கைவினைஞர்களையும் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' நூல் இதே இடத்தைத் தொடுகிறது. மாட்டின் தோல் மேடையில் ஒலிக்கிறது. மாடும், தோலைப் பதப்படுத்தியவரும் மேடைக்குப் புறம்பே நிற்கின்றனர். ஹான்ஸ்லிக்கின் ஆடு மயிலாப்பூரிலும் இருக்கிறது.

மார்கழி இசைவிழாவின் ஒலிபெருக்கிக்கும் குளிரூட்டிக்கும் வரும் மின்சாரம் எந்த நிலையத்தில் உற்பத்தியானது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அது ஒரே மின்தொகுப்பு. ஆனால் நிலக்கரியின் சாம்பல் எங்கே விழுகிறது என்பதைச் சொல்ல முடியும். செப்பாக்கத்துச் சாம்பல் குளத்தை ஒட்டிய வீடுகளில் கோடைக்காற்று அடிக்கும்போது அது உணவிலும் படிகிறது.

புறம்போக்குப் பாடல் எந்த மின்நிலையத்தையும் நிறுத்தவில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் 800 மெகாவாட் மூன்றாம் கட்டம் 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. பாடலின் காணொலியைச் சூழலியல், இசை, ஊடகம் ஆகிய வகுப்புகளில் எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் அதை ஒருமுறை படத்தோடும், மறுமுறை கண்ணை மூடிக்கொண்டும் கேட்கலாம். படம் இல்லாமல் கேட்டால் நேர்த்தியான இராகமாலிகை மட்டுமே கேட்கிறது. கழிமுகத்தின் ஒலி அதில் இல்லை. அதைப் பதிவுசெய்யும் வேலை அங்கே இன்னும் மிச்சமிருக்கிறது.